வட்டாரக் கிளைக்குக் கட்டிய சந்தாவும் ரசீதில் இருக்கும் அகில இந்தியப் பெயரும்

கேள்வி: ஈராசிரியர்_பள்ளி

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து எனக்கு இன்னும் ஓராண்டு நிறையவில்லை. பள்ளியில் நானும் தலைமையாசிரியர் அம்மாவும் மட்டுமே இருக்கிறோம். சென்ற மாதம் மதிய உணவு இடைவேளையில் ஆசிரியர் சங்கம் ஒன்றின் வட்டாரப் பொருளாளர் வண்டியில் வந்து இறங்கினார். சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் அமர்ந்தபடியே ஆண்டுச் சந்தாவுக்கு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டார். பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அம்மா பல ஆண்டுகளாக அந்தச் சங்கத்தில் இருக்கிறார். அவருடைய பணிப்பதிவேட்டில் விடுபட்டுப்போன ஒரு பதிவை அலுவலகத்துக்கு நடையாய் நடந்து சேர்த்துக் கொடுத்தவர்களும் அவர்களே.

ஆனால் மாலையில் ரசீதை எடுத்துப் பார்த்தபோது குழப்பம் வந்தது. தலைப்பில் மாநிலச் சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. அதற்குக் கீழே சிறிய எழுத்தில், 'இணைப்பு' என்று போட்டு ஓர் அகில இந்தியக் கூட்டமைப்பின் பெயர் இருக்கிறது. குறுக்கே மாவட்டக் கிளையின் முத்திரை குத்தப்பட்டிருக்கிறது, கையொப்பமோ வட்டாரக் கிளைப் பொருளாளருடையது. உள்ளங்கை அளவுத் தாளில் நான்கு அமைப்புகள் இருக்க, நான் இவற்றில் எதில் உறுப்பினர் ஆனேன், என் பணம் எதுவரை போகிறது, தில்லியில் இருக்கும் அந்தக் கூட்டமைப்பில் என் சார்பாகப் பேசுபவர் யார் என்பவை எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் கேட்டால், 'அதெல்லாம் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்கிறார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் 7 ஆண்டுகள் இருக்கின்றன; தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும் என்ற தீர்ப்பு வந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை. மேலே இருப்பவர்கள் உண்மையில் எதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே இதைக் கேட்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய_அடிக்கட்டை

தம்பி, நான் இரண்டு முறை வட்டாரச் செயலாளராகவும் ஒரு முறை மாவட்டப் பொருளாளராகவும் இருந்து ஓய்வுபெற்றவன். ரசீதின் கீழ்வரியைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்ட உறுப்பினரை நான் பொறுப்பில் இருந்த காலத்தில் அதிகம் கண்டதில்லை.

நீங்கள் உறுப்பினர் ஆனது ஒரே ஓர் அமைப்பில்தான். அது மாநிலச் சங்கம். வட்டாரக் கிளையும் மாவட்டக் கிளையும் அதன் கைகளும் கால்களுமே தவிரத் தனிச் சங்கங்கள் அல்ல. பதிவு எண் ஒன்று, சங்க விதிகள் ஒன்று, உறுப்பினர் பட்டியல் ஒன்று. அகில இந்தியக் கூட்டமைப்பைப் பொறுத்தவரை நீங்கள் அதில் உறுப்பினர் அல்லர். உங்கள் மாநிலச் சங்கம்தான் அதில் உறுப்பினர். அது சங்கங்களின் சங்கம். தனி ஆசிரியர் ஒருவர் தில்லிக்கு மணியார்டர் அனுப்பி அதில் சேர முடியாது.

பணம் போகும் வழியும் இதைப் போன்றதே. ரசீதுப் புத்தகங்கள் மாநில அலுவலகத்தில் வரிசை எண்ணிட்டு அச்சாகி, மாவட்டம் வழியாக வட்டாரத்துக்கு வரும். ஆண்டு முடிவில் வட்டாரப் பொருளாளர் அடிக்கட்டைகளோடு மாவட்டத்துக்கு வந்து கணக்கு ஒப்படைப்பார். வட்டாரத்தின் பங்கை அவர் நிறுத்திக்கொண்டு மீதியைக் கட்ட, மாவட்டம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மாநிலத்துக்கு அனுப்பும். மாநிலச் சங்கம் தன் உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ப இணைப்புக் கட்டணத்தைக் கூட்டமைப்புக்குச் செலுத்தும். நீங்கள் கொடுத்த தொகையில் தில்லி போய்ச் சேருவது ஒரு தேநீர்க் காசுகூடத் தேறாது என்பது என் அனுபவம். ஆனால் அந்தக் கட்டணத்தோடு போகும் எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு; தேசிய மாநாட்டுக்கு எத்தனை பேராளர்களை அனுப்பலாம், செயற்குழுவில் எத்தனை இடம் கேட்கலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. உங்கள் சார்பாகப் பேசுபவரை நீங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. நீங்கள் வட்டாரப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், அங்கிருந்து மாவட்டம், அங்கிருந்து மாநிலப் பொதுக்குழு, மாநிலம் அனுப்பும் பேராளர் தில்லிக்கு என்று படிப்படியாக ஏறுகிறது. நான்கு படி தாண்டிய குரலில் உங்கள் பள்ளியின் பெயர் கேட்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் தொடக்கக் கல்வித் துறையில் ஒன்றியமே சங்கத்தின் அடிப்படை அலகாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நமக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் ஊராட்சி ஒன்றியத்தின் ஊழியர்களாக இருந்தார்கள். 1981 ஜூன் 1 முதல்தான் அவர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அதற்குப் பிறகும் முன்னுரிமைப் பட்டியல், பதவி உயர்வு, மாறுதல் எல்லாம் ஒன்றிய அளவிலேயே நடந்துவந்தன. ஆகவே ஓர் ஆசிரியரின் வாழ்க்கையே அந்த ஒன்றியத்துக்குள் முடிந்தது; சங்கமும் அங்கேயே வேர் விட்டது. 2023 டிசம்பர் 21-ஆம் நாளிட்ட அரசாணை 243 முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றியபோது ஏன் அவ்வளவு கொந்தளிப்பு எழுந்தது என்பதற்கும் இதுவே காரணம். பதவி உயர்வு வாய்ப்பு போகிறதே என்ற கவலை ஒருபுறம் இருக்க, வட்டாரச் சங்கத்தின் காலடி மண்ணே நகர்கிறது என்ற அச்சமும் அதில் இருந்தது. வெளியே யாரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

இணைப்புகளுக்குச் சில எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். தமிழ்நாடு ஆரம்பப் பள்ளி ஆசிரியர் கூட்டணி எஸ்.டி.எப்.ஐ. எனப்படும் இந்தியப் பள்ளி ஆசிரியர் கூட்டமைப்பில் இணைந்திருக்கிறது. தமிழக ஆசிரியர் கூட்டணி ஐபெட்டோ எனப்படும் அகில இந்தியத் தொடக்கக் கல்வி ஆசிரியர் அமைப்புகளின் கூட்டமைப்பில் இருக்கிறது. தேசிய ஆசிரியர் சங்கம் அகில பாரதிய ராஷ்ட்ரிய சைக்ஷிக் மகாசங்கத்தோடு இணைந்தது. இவற்றைத் தவிர, 1954-இல் தொடங்கிய அகில இந்தியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் கூட்டமைப்புக்குத் தில்லி ஜனக்புரியில் 'சிக்ஷக் பவன்' என்ற சொந்தக் கட்டடம் உண்டு. அது 1993-இல் உருவான, பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட 'எஜுகேஷன் இன்டர்நேஷனல்' என்ற உலகக் கூட்டமைப்பிலும் உறுப்பினர். நம் ஊரில் 'ஆரம்பப் பள்ளி' என்பதற்குப் பதில் 'தொடக்கப் பள்ளி' என்று ஒரு சொல் மாறினாலே அது வேறு சங்கம் ஆகிவிடும். எனவே ரசீதில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: கரும்பலகை

பெரியவர் அமைப்பை அழகாக விளக்கிவிட்டார். அது எப்படி நடக்கிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. என் பதினேழு ஆண்டுப் பணியில் அகில இந்திய இணைப்பு என்பது கடிதத் தாளின் அடிவரியாக மட்டுமே எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

நமக்கு ஊதியம் தருவது மாநில அரசு, மாறுதல் தருவது மாநில அரசு, தண்டிப்பதும் மாநில அரசு. அதனால் நமக்கு உண்மையில் பயன்பட்டவை மேலே போகும் இணைப்புகள் அல்ல, பக்கவாட்டில் கைகோத்த கூட்டுக் குழுக்கள். தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்கள் சேர்ந்தால் டிட்டோஜாக். எல்லா நிலை ஆசிரியர்களும் சேர்ந்தால் ஜாக்டோ. அரசு ஊழியர்களும் வந்து சேர்ந்தால் ஜாக்டோ-ஜியோ. இவற்றில் எதற்கும் தில்லியின் அனுமதி தேவைப்படவில்லை. 2019 ஜனவரி 22-இல் தொடங்கி 30-இல் விலக்கிக்கொள்ளப்பட்ட காலவரையற்ற வேலைநிறுத்தத்தில், தேசிய அளவில் ஒருவரை ஒருவர் ஏற்காத கூட்டமைப்புகளைச் சேர்ந்த சங்கங்கள் எங்கள் வட்டாரத் தலைநகரில் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தன. இணைப்பு எதுவாக இருந்தாலும் பிடித்தம் செய்யப்பட்ட நாள்களின் ஊதியம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 ஜூன் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200 ரூபாயில் தொடங்கியது. ஒரு நாள் முன்னதாகச் சேர்ந்தவருக்கு அதே வேலைக்கு 8,370 ரூபாய். நானும் அந்த 5,200 ரூபாய் வரிசையைச் சேர்ந்தவன். வட்டாரம், மாவட்டம், மாநிலம், தேசியம் என்று நான்கு மாடி கட்டிய பெரிய சங்கங்கள் இந்த வேறுபாட்டைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் வைத்திருந்தன என்பதைப் பார்த்து மனம் வெறுத்த பிறகுதான், 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற ஒற்றைக் கோரிக்கைக்காகவே பதிவு மூப்பு ஆசிரியர்கள் தனி இயக்கம் தொடங்கினார்கள். 2022 டிசம்பர் கடைசியில் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் தலைமையகமான டிபிஐ வளாகத்தில் குளிரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். எந்த அகில இந்தியப் பெயரும் அந்தப் பதாகையில் இல்லை. ஆனாலும் ஊடகமும் அமைச்சரும் அவர்களைத் தேடி வந்தார்கள்.

தேசிய இணைப்பைத் தீர்மானிப்பதும் கல்விக் கொள்கை அல்ல, பெரும்பாலும் அரசியல் சாய்வு. சங்கம் உடையும்போது இரு பிரிவுகளும் ஆளுக்கொரு கூட்டமைப்பைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தம்பி ஈராசிரியர் பள்ளிக்கு நான் சொல்வது இதுதான்: வட்டாரக் கல்வி அலுவலகத்தில் யாருடைய சொல் எடுபடுகிறது என்று பார்த்துச் சேருங்கள், கீழ்வரியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

மறுமொழி 3: மனுதாரர்

கரும்பலகை ஐயாவின் ஆதங்கம் நியாயமானது. அவர் வந்து சேரும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை. அவருடைய எடுத்துக்காட்டுகள் எல்லாம் மாநில அரசு கையொப்பமிடும் விஷயங்கள். கையொப்பம் வேறிடத்துக்கு மாறும்போது கணக்கும் மாறுகிறது.

1976-இல் வந்த 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. ஆசிரியர்களுக்கு அதன் எடை பல ஆண்டுகள் தெரியவில்லை. 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தபோதுதான் தெரிந்தது. அச்சட்டத்தின் 23-ஆவது பிரிவு ஆசிரியரின் குறைந்தபட்சக் கல்வித் தகுதியை வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசு குறிப்பிடும் அமைப்புக்குக் கொடுத்தது. அதன்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-இல் வெளியிட்ட அறிவிக்கையில்தான் தகுதித் தேர்வு பிறந்தது. அதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களுக்கு இது பொருந்தாது என்றே தமிழ்நாட்டில் எல்லோரும் இருந்தார்கள். 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிம்மதியைக் கலைத்தது. ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். 5 ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. உங்கள் தலைமையாசிரியர் அம்மா இதில் முதல் வகையில் வருகிறார்.

இங்கே வட்டாரச் செயலாளர் என்ன செய்ய முடியும்? வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். அவரிடம் பேனாதான் இருக்கிறது, அதிகாரம் இல்லை. மாநிலச் சங்கம் அமைச்சரைச் சந்திக்கலாம். மாநில அரசு மறுஆய்வு மனு போடலாம், தமிழக அரசு அதைச் செய்யவும் செய்தது. ஆனால் சட்டத்தைத் திருத்தி, 2010-க்கு முன் சேர்ந்தவர்களுக்கு நாடு முழுவதும் விலக்கு அளிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அந்தத் திருத்தத்தைக் கேட்கும்போது தமிழ்நாட்டு ஆசிரியர் தனியாகக் கேட்டால் அது ஒரு மாநிலத்தின் முணுமுணுப்பு. உத்தரப் பிரதேசத்து ஆசிரியரும் கேரளத்து ஆசிரியரும் சேர்ந்து கேட்டால் அதற்கு அத்தனை மாநில நாடாளுமன்ற உறுப்பினர்களும் பதில் சொல்லியாக வேண்டும். அகில இந்தியக் கூட்டமைப்புக்கு இந்தப் பயன் உண்டு. தினமும் பயன்படாத பொருள்தான் அது. வீட்டில் நெல் அளக்கும் மரக்கால் போல, அறுவடை வரும்போது இல்லையென்றால் தெரியும்.

அதே நேரத்தில் இந்தக் கூட்டமைப்புகளுக்குச் சட்டப்படி இருக்கும் பலம் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் என்பவர் தொழில் தகராறுச் சட்டத்தின்படி 'தொழிலாளர்' அல்லர் என்று 1988-இல், கோவாவில் இருந்து வந்த சுந்தரம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்பது 2003-இல் நம் மாநிலத்தில் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் வரை பணிநீக்கம் செய்யப்பட்டபோது எழுந்த டி.கே. ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பு. ஆகவே ஆலைத் தொழிற்சங்கத்தைப் போல எதிரே நிர்வாகத்தை உட்காரவைத்து ஒப்பந்தம் போடும் அமைப்புகள் அல்ல இவை. மனு, பேரணி, வழக்கு, நாடாளுமன்ற உறுப்பினரின் கேள்வி என்ற நான்கு வழிகளில்தான் இவை இயங்க வேண்டியிருக்கிறது.

ஒரு கிளைச் செய்தி. அரசியலமைப்பின் 171-ஆவது பிரிவின்படி, சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் மேலவை 1986-இல் கலைக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்திலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இன்றும் இருக்கிறது. அந்த மாநிலங்களின் ஆசிரியர் தலைவர்கள் தேசியக் கூட்டத்துக்கு மேலவை உறுப்பினராகவே வரும் வாய்ப்பு உண்டு, நம்மவர்களுக்கு அது இல்லை. அந்த வாக்குரிமைகூட உயர்நிலைப் பள்ளியும் அதற்கு மேலும் கற்பிப்பவர்களுக்குத்தான். ஒன்றாம் வகுப்புக்கு அகரம் எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு அது எப்போதும் இருந்ததில்லை.

மறுமொழி 4: விரிவுரை

நான் உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பணியாற்றுகிறேன், தென்மாவட்டக் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் சங்கமான மூட்டாவின் உறுப்பினன். பள்ளி ஆசிரியர்களின் விவாதத்தைப் படிக்கும்போது எங்கள் நிலைக்கும் உங்கள் நிலைக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் பட்டதால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்லூரிக் கிளை, மண்டலம், மூட்டா, அதற்கு மேல் அய்பெக்டோ என்ற அகில இந்தியப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர் கூட்டமைப்பு. தமிழ்நாட்டின் இன்னொரு கல்லூரி ஆசிரியர் சங்கமான ஏ.யு.டி.யும் அதே கூட்டமைப்பில்தான் இருக்கிறது. எங்கள் உறுப்பினர்களில் கடைசி வரிசையில் இருப்பவர்கூட அய்பெக்டோ என்றால் என்னவென்று தெரிந்துவைத்திருப்பார். காரணம் தேசப்பற்று அல்ல, ஊதிய விகிதம். எங்கள் ஊதியத்தை வகுப்பது பல்கலைக்கழக மானியக் குழு. ஆறாவது ஊதியக் குழுவின்போது கூடுதல் செலவில் 80 விழுக்காட்டைக் குறிப்பிட்ட காலத்துக்கு மத்திய அரசு ஏற்றது. ஏழாவதில் அது 50 விழுக்காடாகக் குறைந்தது. 1987-இல் நாடு முழுவதும் கல்லூரி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் ஊதிய விகிதத்துக்காகவே. மத்திய அரசின் கடிதம் வந்த பிறகு மாநில அரசு அதை எந்தத் தேதியிலிருந்து நடைமுறைப்படுத்தும், எதை விட்டுவிடும் என்பதில்தான் மூட்டாவின் வேலை தொடங்குகிறது. அதற்கும் பிறகு, ஒரு கல்லூரி நிர்வாகம் நிலுவையைத் தராமல் இழுத்தடித்தால் வாயிற்கூட்டம் போடுவது கிளையின் வேலை. ஒரே ஊதிய உயர்வு மூன்று படிகளிலும் இறங்கி வந்தால்தான் எங்கள் வங்கிக் கணக்கைத் தொடுகிறது. அதனால் எங்களுக்கு மூன்று படிகளும் தெரிகின்றன.

பள்ளி ஆசிரியர்களுக்கு இதுவரை தேசியப் படியில் தொங்கும் விஷயம் ஏதும் இல்லாமல் இருந்தது. கரும்பலகையின் அலுப்புக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மறுமொழி 5: கடல்கடந்த_வகுப்பறை

தமிழ்நாட்டில் படித்து, கலிபோர்னியாவில் ஒரு பொதுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். இங்குள்ள முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க உதவலாம்.

நான் சேர்ந்தபோது ஒரே படிவத்தில்தான் கையொப்பமிட்டேன். அந்த ஒரு கையொப்பத்தால் எங்கள் பள்ளி மாவட்டத்தின் உள்ளூர்ச் சங்கம், கலிபோர்னியா ஆசிரியர் சங்கம், தேசியக் கல்விச் சங்கம் ஆகிய மூன்றிலும் ஒரே நேரத்தில் உறுப்பினர் ஆகிவிட்டேன். ஒன்றில் மட்டும் சேர்வதாகச் சொல்ல முடியாது. சந்தா சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கப்பட்டு மூன்றாகப் பிரிகிறது. 1857-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய அந்தத் தேசியச் சங்கத்தின் ஆண்டுப் பேராளர் மன்றத்துக்கு, 150 உறுப்பினர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் உள்ளூர்ச் சங்கமே நேராகப் பேராளரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை ஒருமுறை போய்விட்டு வந்து, உணவு அறையில் தீர்மானங்களைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார். பெரியவர் சொன்ன நான்கு படி இங்கே இல்லை.

இன்னொரு பெரிய வேறுபாடு, இங்கே எங்கள் ஊதிய ஒப்பந்தத்தைப் போடுவதே உள்ளூர்ச் சங்கம்தான். கலிபோர்னியாவில் 1975-இல் வந்த சட்டம் அந்த உரிமையைத் தந்தது. ஆகவே பலம் அடியில் இருக்கிறது. மேலே உள்ளவர்கள் வழக்கறிஞரும் பயிற்சியும் தருகிறார்கள். அடியில் பலம் இருப்பதால் பிரிந்து போகவும் முடிகிறது: லாஸ் வேகஸ் நகரைக் கொண்ட கிளார்க் கவுண்டியின் ஆசிரியர் சங்கம் 2018-இல் சந்தாத் தகராறில் மாநிலச் சங்கத்திலிருந்தும் தேசியச் சங்கத்திலிருந்தும் விலகித் தனியாக நடக்கிறது. உங்கள் ஊரில் ஒரு வட்டாரக் கிளை அப்படி விலகினால் அதற்குப் பதிவு எண்ணே இருக்காது என்று மேலே படித்ததிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்: ஈராசிரியர்_பள்ளி

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு சிறிய செய்தியைச் சொல்லி, அதைப் பற்றி மட்டும் கேட்டுவிடுகிறேன். நேற்று வட்டாரச் செயலாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வந்தது. பள்ளியில் உள்ளவர்களில் 2010 ஆகஸ்ட் 23-க்கு முன் பணியேற்றவர் எத்தனை பேர், அவர்களில் ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர் எத்தனை பேர், தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவர் எத்தனை பேர் என்று மூன்றே கட்டங்கள். 'மாநில மையத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், தில்லிக்குப் போகிறது' என்று கீழே குறிப்பு. அம்மா தம் பணியேற்ற தேதியைச் சொல்ல, நான் நிரப்பினேன். மூன்றாவது கட்டத்தில் என் பெயரால் ஒன்று போடலாமா என்று கேட்டதற்கு, 'நீ இந்தக் கணக்கிலேயே இல்லை' என்று சிரித்தார். இது எங்கே போகிறது, திரும்பி ஏதாவது வருமா?

மறுமொழி: பழைய_அடிக்கட்டை

தம்பி, மனுதாரர் சொன்ன மரக்காலில் நெல் விழத் தொடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஒன்றியங்களிலிருந்தும் இந்த மூன்று கட்டங்கள் மாவட்டத்தில் கூடி, மாநிலத்தில் கூடி, ஒரு மாநிலத்துக்கு ஒரு வரியாகத் தில்லிக்குப் போகும். கல்வி அமைச்சரிடம் கொடுக்கும் மனுவின் பின்னிணைப்பில் அது இருக்கும். எந்த மாநிலம் எண்ணிக்கையை ஒழுங்காகக் கொடுக்கவில்லையோ அந்த வரி வெற்றாக நிற்கும். அப்படி வெற்றாக நின்ற வரிகளை நான் என் காலத்தில் வேறு கோரிக்கைகளில் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வருமா என்பதில் கரும்பலகையின் குறை உண்மையானது. மேலே போகும் தாள் வேகமாகப் போகும். கீழே வரவேண்டிய சுற்றறிக்கை மாநிலச் செயற்குழுவில் வாசிக்கப்பட்டு, மாவட்டச் செயலாளரின் பையில் மடிந்து, வட்டாரக் கூட்டத்தில் 'தேசிய அளவில் முயற்சி நடக்கிறது' என்ற ஒற்றை வாக்கியமாகத் தேய்ந்துவிடும். நானே அப்படித் தேய்த்திருக்கிறேன். ஆகவே அடுத்த வட்டாரக் கூட்டத்துக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். நம் ஒன்றியத்தின் மொத்த எண்ணிக்கை எவ்வளவு, அது சேர்ந்த மனுவின் நகல் எங்கே என்று எழுந்து கேளுங்கள். நகல் இல்லை என்றால், மாநிலப் பொதுக்குழுவுக்கு நம் மாவட்டத்திலிருந்து போகிறவர் யார் என்று கேட்டு அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில்தான் இருக்கும். அம்மாவுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.